மோதிரம் மூடவில்லை, லேஸ் வளைகிறது, தோடு துவண்டுவிட்டது – டாட்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தறிவீட்டுக்காரி – அம்மாபேட்டை, சேலம்

எல்லோருக்கும் வணக்கம். பிறந்த வீடும் தறி, வாழ்க்கைப்பட்ட வீடும் தறி. ஆறு வயதில் தார் சுற்ற, அதாவது தறி நாடாவுக்குள் போகிற குழலில் நூல் சுற்ற உட்கார்ந்தவள் நான். இப்போது பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன், அதுதான் என் கைச்செலவுக்கு. போன ஆவணியிலிருந்து டாட்டிங் லேஸ் பழகுகிறேன். முதல் நாள் வீட்டில் "டாட்டிங் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்றதும் மாமியார் காதில் அது வேறு மாதிரி விழுந்து, சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நாடாவைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது கொக்கி ஊசியால் போடுகிற குரோஷா இல்லை. தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவுக்குப் பேத்தி மாதிரி விரல் நீளத்தில் ஒரு நாடா. அதில் நூலைச் சுற்றிக்கொண்டு, அதே நூலை இடது கை விரல்களைச் சுற்றி வளையமாகப் பிடித்து, அதன்மேல் முடிச்சு முடிச்சாகப் போட்டுக் கடைசியில் இழுத்து மூடினால் ஒரு மோதிரம். மோதிரங்களும் அவற்றுக்கு நடுவே வில் போல வளைகிற சங்கிலிகளும் சேர்ந்ததுதான் லேஸ். முடிச்சுகளுக்கு நடுவே விடுகிற சின்னக் கண்ணிக்குப் பெயர் பீக்கோ, பக்கத்து மோதிரத்தை இணைப்பதும் அதில்தான். சேலை ஓரத்துக்கு மிஷினில் அடிக்கிற பீக்கோ இல்லை. "பீக்கோ வைக்கிற நூல்" என்று நான் கேட்டுவைக்க, கடைக்காரர் ஃபால்ஸ் துணியை எடுத்துப் போட்டார்.

சரி, என் கஷ்டத்துக்கு வருகிறேன்.

பத்து மோதிரம் போட்டால் மூன்று மூட மாட்டேன் என்கிறது. இழுத்தால் பாதி வரை வந்து நின்றுவிடும். இன்னும் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். ஒரு மோதிரத்துக்கு இருபது முடிச்சு. பத்தொன்பது சரியாக விழுந்து ஒன்று தப்பினாலும் மொத்தமும் கத்தரிக்கோலுக்குத்தான். தையல் மிஷின் நூலை இரண்டு இழை சேர்த்துச் சுற்றுகிறேன். வீட்டில் மிச்ச ஜரிகை கிடக்கிறதே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். நாலாவது முடிச்சிலேயே மேல் தகடு உரிந்து உள்நூல் பல்லைக் காட்டுகிறது.

இரண்டாவது, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு அம்மா, பேத்தியின் முதல் பிறந்த நாள் கவுனுக்குக் கீழ் ஓரம் கேட்டிருக்கிறார். சுற்றளவு 110 செ.மீ. மோதிரத்துக்கு 5-5-5-5, அதாவது ஐந்து முடிச்சுக்கு ஒரு பீக்கோ. சங்கிலிக்கு 4-4. ஒரு சாண் வந்ததுமே லேஸ் நேராகக் கிடக்காமல் அரிவாள் போல வளைகிறது. மோதிரமெல்லாம் வெளிப்பக்கம் விசிறியாக விரிகிறது. தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பார்த்தேன். தட்டையான அரிவாள் ஆனது, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் மானம் போன கதை. மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் எங்கள் மகளிர் குழு போட்ட மேஜையில் பாதி எனக்கு. பதினெட்டு ஜோடி தோடு கொண்டுபோனேன். ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு மொட்டை மாடியில் காயவைத்தபோது அப்பளம் மாதிரி நின்றவை. மேலே போன இரண்டாம் நாள் மழை, அப்புறம் மூட்டம். காலையில் டப்பாவைத் திறந்தால் அத்தனையும் துவண்டு கிடக்கிறது. ஒரு பெண் ஒன்றைத் தூக்கிப் பார்த்து "இது நகையா, துணியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். நாலு ஜோடிதான் போயிற்று. மூன்று ஜோடிக்கு மட்டும் யாரோ சொன்னார்கள் என்று சர்க்கரைத் தண்ணீர் போட்டிருந்தேன். அதற்கு எறும்பு வந்தது.

கவுனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள். இங்கே நேரில் கேட்க ஆள் இல்லை.

ஓவர்லாக் – கிச்சிப்பாளையம்

மேடம், நான் டெய்லர். எனக்கு டாட்டிங் தெரியாது. 110 செ.மீ. லேஸ் முதல் அக்ரஹாரத்தில் போனால் ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும், இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றுதான் முதலில் தோன்றியது. அதைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பருத்திக் கவுன் என்றால் வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு முறை நனைத்துக் காயவைத்தாயிற்றா என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள். லேஸையும் ஒரு முறை நனைத்து, நேராகக் குண்டூசி குத்திக் காயவைத்த பிறகு தையுங்கள். ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் போனால் முதல் துவைப்பிலேயே ஓரம் அலையலையாகிவிடும். அப்புறம் எங்களைப் போன்றவர்களிடம்தான் பிரிக்க வருவார்கள். லேஸை இழுத்துப் பிடித்துத் தைக்கவே கூடாது. துணிமேல் சும்மா படுக்கப் போட்டுத் தைக்க வேண்டும்.

மலைமேல் பாட்டி – ஏற்காடு

கண்ணு, நீ எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிறாள், எழுத்துப் பிழை இருந்தால் அவளைத் திட்டு. எனக்கு எழுபத்து மூன்று. பன்னிரண்டு வயதில் இந்த மலையில் ஒரு கான்வென்டில், மழைக்கால மத்தியானங்களில், ஒரு சிஸ்டரிடம் கற்றது. அவர் கொடுத்த எருமைக்கொம்பு நாடாதான் இன்றைக்கும் என் கையில். மூக்கு தேய்ந்து மழுங்கிவிட்டது. எனக்கும் அதற்கும் இனி வேறு துணை எதற்கு.

உன்னைக் கெடுத்தது தறிதான். சிரிக்காமல் கேள். தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், விறைப்பாக நிற்கும். நாடாவில் இருக்கிற ஊடை, அதாவது குறுக்கு நூல்தான் ஓடி, வளைந்து, மேலும் கீழும் போய்த் துணியாகும். உன் கைக்கு அது பால் குடித்த நாளிலிருந்து பழக்கம். இங்கே தலைகீழ். நாடா நூல்தான் ஓடுகிறது, அதுதான் வளைந்து சுருக்குப் போடுகிறது. ஆனால் கடைசி நொடியில் அந்தச் சுருக்கை இடது கை நூலிடம் கொடுத்துவிட்டு, தான் கம்பி மாதிரி நேராக நின்றுவிட வேண்டும். சுருக்குப் போட்டது ஒருத்தி, சுமப்பது இன்னொருத்தி. அப்படிக் கைமாறாத முடிச்சு ஒன்றே ஒன்று இருந்தாலும் நாடா நூல் அங்கே பூட்டிக்கொள்ளும். மோதிரம் மூடாது. நீ பலம் போட்டு இழுத்தால் அறுக்கத்தான் செய்யும்.

நீ எங்கே தவறுகிறாய் என்று இங்கிருந்தே சொல்கிறேன். இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்திருக்கின்றன. நடுவிரல் நூலைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. நாடா கை நூலுக்குக் கீழே போய், மேலே வழியாகத் திரும்பி வருகிறது. அது முதல் பாதி. இந்த இடத்தில் நீ நடுவிரலை விறைப்பாக வைத்துக்கொண்டே நாடாவை இழுக்கிறாய். பாவு தளரக்கூடாது என்று கை தானாகவே நினைக்கிறது. அப்படி இழுத்தால் நாடா நூல்தான் கை நூலைச் சுற்றி இறுகும்.

முதலில் நடுவிரலை மடக்கு. இடது கை நூல் தொளதொள என்று தொங்கட்டும். அப்புறம் வலது கையால் நாடா நூலை வெடுக்கென்று சுண்டி இழுத்து விறைப்பாக்கு. சுருக்கு இந்த நூலிலிருந்து அந்த நூலுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும். தாவிய பிறகுதான் நடுவிரலை மெல்ல நிமிர்த்தி முடிச்சைக் கட்டை விரலருகே தள்ள வேண்டும். அது போய்ச் சேரும் வரை வலது கை விறைப்பை விடக்கூடாது. இரண்டாம் பாதிக்கு நாடா மேலே போய்க் கீழே திரும்பும். மற்றதெல்லாம் அதேதான். மடக்கு, சுண்டு, நிமிர்த்து. எனக்கு சிஸ்டர் ஒரு வாரம் மோதிரமே போடவிடவில்லை, இந்த மூன்றைத்தான் செய்யச் சொன்னார்.

இரண்டு பாதியும் சேர்ந்தால் என்ன முடிச்சு தெரியுமா? கன்றுக்குட்டிக் கயிற்றைக் கம்பத்தில் மாட்டுகிற முடிச்சுதான், வேறொன்றும் இல்லை. கம்பம் நேராக இருந்தால் கயிறு மேலும் கீழும் நகரும். உன் நாடா நூல்தான் கம்பம்.

இன்றைக்கே இதைச் செய். நாடாவில் சிவப்பு நூல், இடது கையில் வெள்ளை நூல். இரண்டையும் முடிந்து, வெள்ளையை வளையமாக்காமல் விரல்மேல் போட்டுச் சுண்டுவிரலில் சுற்றிக்கொள். அதுதான் சங்கிலி போடுகிற முறை. முப்பது முடிச்சுப் போடு. எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தால் கைமாறியிருக்கிறது. சிவப்பு எங்கே வளைந்து மேலே தெரிகிறதோ அங்கே மாறவில்லை. இதைவிட நேர்மையான வாத்தியார் கிடையாது. பழகிய பிறகும் ஒவ்வொரு பாதிக்கும் நாடா நூலை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார். வழுக்கினால் சரி. வழுக்காவிட்டால் அந்த ஒன்றை மட்டும் குண்டூசியால் தளர்த்திப் பிரித்துவிடலாம். மூடிய மோதிரத்தைக்கூடத் திறக்கலாம், கத்தரிக்கோலைக் கீழே வை. கடைசிப் பீக்கோவின் இரண்டு பக்கத்து முடிச்சுகளையும் நகத்தால் மெல்ல விலக்கினால் நடுவில் ஓடுகிற நூல் எட்டிப் பார்க்கும். அதை ஊசி முனையில் இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. பொறுமை வேண்டும். மழை நாளில் செய்.

நூல். மிஷின் நூலை விட்டுவிடு. இரண்டு இழை சேர்த்தால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எம்பிராய்டரி நூலும் வேண்டாம், முறுக்குப் போதாமல் பிசிறும். இறுக முறுக்கிய, பளபளப்பு ஏற்றிய பருத்தி நூல் வேண்டும். குரோஷாவுக்கு உருண்டையாக விற்கிற ஆங்கர் நூல் போதும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், நீ தறிக்காரி, உனக்கு இது புதுசு இல்லை. கவுனுக்கு 20. தோட்டுக்கு 40. ஒரு காலத்தில் 80-இல் கைக்குட்டை ஓரம் போட்டவள் நான், இப்போது 40-க்கே விளக்கு வேண்டியிருக்கிறது.

ஜரிகை உரிவதற்கும் காரணம் அந்த வழுக்கல்தான். ஜரிகை என்பது நூலைச் சுற்றிய தகடு. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் அதை உருவினால் உரியாமல் என்ன செய்யும்? மோதிரத்தில் ஒரே நூல்தான் இரண்டு வேலையும் பார்க்கிறது, அதனால் மோதிரத்துக்கு ஜரிகை ஆகாது. சங்கிலியில் போடு. நாடாவில் பருத்தி, இடது கைக்கு வருகிற உருண்டையில் ஜரிகை. வழுக்குவது பருத்தி, வெளியே தெரிவது ஜரிகை. வெள்ளை மோதிரமும் பொன் சங்கிலியுமாக வரும், உங்கள் ஊர் வெண்பட்டு ரவிக்கைக் கைக்கு அப்படி ஒரு ஓரம் வைத்துப் பார்.

அரிவாளுக்கு வருகிறேன். மோதிரம் வெளியே விரிந்தால் சங்கிலிப் பக்கம் குட்டை என்று பொருள். எண்ணிக்கை போதவில்லை, அல்லது சங்கிலியின் நடு நூலை நீ இறுக்கி இழுக்கிறாய். உனக்கு இரண்டும் இருக்கும். 4-4-ஐ 5-5 ஆக்கு, போதாவிட்டால் 6-6. ஒரு சங்கிலி முடிந்ததும் அதை வெடுக்கென்று இழுக்காமல், முடிச்சுகள் தோளோடு தோள் தொடும் அளவுக்கு மட்டும் சேர்த்து நிறுத்து. மாறாக, மோதிரங்கள் உள்பக்கம் குவிந்தால் இணைக்கிற பீக்கோ குட்டை. பீக்கோவைக் கண்ணால் அளக்காதே. பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து அரை விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரண்டு முடிச்சுக்கு நடுவில் வைத்துப் போடு. எல்லாம் ஒரே உயரம் வரும். ஐந்து மோதிரம் போட்டதும் தரையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆறாவது. நீ ஒரு சாண் வரை போனாய் பார், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

(அந்தக் காலத்தில் வெள்ளைக்காரிகளுக்கே இணைக்கத் தெரியாதாம். மோதிரங்களைத் தனித்தனியாகப் போட்டு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார்கள், பீக்கோவுக்குள் நூலை இழுத்து இணைக்கிற வித்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. சிஸ்டர் சொல்வார், பிரெஞ்சில் இதற்குப் பெயர் ஃப்ரிவோலித்தே, வெட்டி விளையாட்டு மாதிரி. இத்தாலியில் அரட்டை என்கிற சொல்லிலிருந்து கியாக்கியெரினோ. ஜெர்மன்காரர்கள் மட்டும் நாடாவைப் பார்த்துக் குட்டிப் படகு வேலை என்றார்கள். எங்களை வகுப்பில் பேசவிடாமல் அரட்டை வேலை கற்றுக்கொடுத்தார் என்று நாங்கள் முணுமுணுப்போம்.)

தோடு. மலையில் கஞ்சி செல்லாது. இங்கே அடுப்படியில் உப்பு ஜாடியே வியர்க்கிறது, உன் ஜவ்வரிசி எம்மாத்திரம். கஞ்சியும் சர்க்கரையும் ஈரத்தைக் குடிக்கிற சாதி. கீழே சேலம் வெயிலுக்கு நிற்கும், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் படுத்துவிடும். வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து, பின்பக்கம் மட்டும் தூரிகையால் தடவினால் இதைவிடத் தாங்கும். ஆனால் நான் அதையும் நம்புவதில்லை. வேலையிலேயே விறைப்பு இருக்க வேண்டும். 40 நம்பர், சின்ன மோதிரம், இணைப்பு நிறைய, ஆடுகிற நீளப் பீக்கோவுக்குப் பதில் மிளகு.

மிளகு நான் வைத்த பெயர். புத்தகப் பெயர் ஜோசஃபின் முடிச்சு. முதல் பாதியை மட்டுமே, இரண்டாம் பாதி போடாமல், பன்னிரண்டு முறை போட்டு மூடு. முடிச்சுகள் ஏணிப்படி மாதிரி முறுக்கிக்கொண்டு போகும், பயப்படாதே, அதுதான் வேண்டும். மிக மெதுவாக இழுத்து மூடினால் சுருண்டு உருண்டு கெட்டியாக ஒரு மணி நிற்கும். எங்கள் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற கொடியில் பச்சை மிளகு தொங்குமே, அதே அளவு. ஒரு மோதிரம், அதன் கீழே மூன்று மிளகு. கஞ்சியே வேண்டாம்.

பேத்திக்குக் கை வலிக்கிறதாம்.

கம்பிக்காரன் – செவ்வாய்ப்பேட்டை

அக்கா, நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை. லேஸ் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று தாண்டிப் போகப் பார்த்தேன். பாட்டியம்மா சொன்ன கம்பமும் கயிறும் பிடித்துக்கொண்டது. கம்பம்தான் முக்கியம் என்றால் கம்பத்தையே வெள்ளியில் போட்டால் என்ன? வட்டமாக ஒரு கம்பி வளையம், அதன்மேல் அதே முடிச்சு. வீட்டில் என் மனைவி குஞ்சம் கட்டுவாள், அவளை விட்டுச் செய்து பார்த்தேன். நூலை வளையத்தைச் சுற்றிப் போடும்போது எதுவும் தாவ வேண்டியதே இல்லை, கம்பி வளையாதே! முதல் முயற்சியிலேயே சுற்று முழுக்க வந்துவிட்டது. மூட்டத்துக்கும் துவளாது.

கவனிக்க வேண்டியது இரண்டு மூன்று உண்டு. நாடா வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டும், அதனால் உள்விட்டம் 3 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள், அதைவிடச் சின்னது என்றால் மழுங்கின ஊசியில் நூலைக் கோத்துப் போடுங்கள். கம்பி 20 கேஜ் போதும், அதாவது சுமார் 0.8 மி.மீ. மெல்லியதாகப் போனால் நூல் இழுப்புக்கே கோணும். பற்றவைத்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், விரல் ஏமாறும். ஒரு துண்டு நைலான் சாக்ஸை அதன்மேல் ஓட்டுங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே உங்கள் நூலும் பிசிறும், அரம் போட்டு மெருகு போட்டுத்தான் தரச் சொல்ல வேண்டும்.

கொலுசில் வைக்கிற வெள்ளி அரும்பு கோக்கலாம் என்று நினைத்தால், துளை ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். 40 நம்பர் நூலை நாலே நாளில் தின்றுவிடும். துளையை உருட்டிவிட்ட அரும்பாகக் கேளுங்கள்.

வெள்ளி கறுக்கும், அது கந்தகத்தின் வேலை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், கம்பளித் துணியில் சுற்றாதீர்கள், இரண்டிலும் கந்தகம் உண்டு. லேஸ் ஏறிய பிறகு வெள்ளி கழுவுகிற மருந்தில் முக்க முடியாது, நூல் கெடும். அதனால் முதலிலேயே துலக்கிவிட்டு முடிச்சை ஆரம்பியுங்கள். காதுக்குள் போகிற கொக்கி மட்டும் 92.5 வெள்ளியில் வாங்குங்கள். ஜெர்மன் சில்வர் என்று மலிவாகத் தருவார்கள். அதில் வெள்ளி ஒரு குன்றிமணி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். நிக்கல் சில பேர் காதுக்கு ஒத்துக்கொள்ளாது, அரித்துப் புண்ணாகும். பெயரை வைத்து ஏமாறுகிற வியாபாரத்தில் இதுதான் முதல்.

தறிவீட்டுக்காரி – அம்மாபேட்டை, சேலம்

பாட்டிம்மா, மூன்று வாரம் கழித்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கவுன் போய்விட்டது.

சிவப்பு வெள்ளைச் சோதனை அன்று ராத்திரியே செய்தேன். முப்பதில் பதினொன்று சிவப்பு. வெட்கமாகிவிட்டது, ஒரு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேனா என்று. நீங்கள் சொன்னபடியே நடுவிரல்தான் குற்றவாளி. மடக்கச் சொன்னால் மடங்கவே மாட்டேன் என்கிறது. கடைசியில் அந்த விரலில் சின்னத் துணி சுற்றிக்கொண்டேன், துணி கண்ணில் படும்போதெல்லாம் மடக்க ஞாபகம் வரும். மூன்றாம் நாள் முப்பதும் வெள்ளை. மாமனார் தறியிலிருந்து எழுந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "நாடா போட்டதை நாடாவே வைத்துக்கொள்ளாதா?" என்று கேட்டார். அப்புறம் தானே நாடாவை வாங்கி நாலு முடிச்சுப் போட்டார். நாலும் சிவப்பு. எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல முடியாது.

சங்கிலி 5-5 போட்டேன், கொஞ்சம் வளைந்தது. 6-6-க்கு நேராகப் படுத்தது. தொண்ணூற்று நாலு மோதிரம். கடைசி மோதிரத்தை முதல் மோதிரத்தின் பீக்கோவோடு இணைக்கும்போது லேஸ் ஒரு முறுக்கு முறுக்கியிருந்ததைக் கவனிக்காமல் இணைத்துவிட்டேன். நல்ல வேளை, நகத்தால் விலக்கித் திறக்கிற வித்தை கையில் இருந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். டெய்லர் அண்ணன் சொன்ன மாதிரி துணியும் நனைத்து, லேஸும் நனைத்து, படுக்கப் போட்டுத் தைத்தேன். அண்ணா, உங்கள் கடைக்குப் பிரிக்க வராது.

விலை என்ன சொல்வது என்று திண்டாடினேன். குஞ்சத்துக்கு முடிச்சுக் கணக்கு இருக்கிறதே, அப்படியே மோதிரத்துக்கு எட்டு ரூபாய் என்று சொன்னேன். அந்த அம்மா கவுனைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துக் கொடுத்துவிட்டார், பேரம் இல்லை.

வெள்ளி வளையம் தம்பி சொன்ன அளவில் ஆறு ஜோடி அடித்து வாங்கியிருக்கிறேன். சுற்றிலும் முடிச்சு, கீழே மூன்று மிளகு. ஒரு ஜோடிக்கு மணி வைக்கலாம் என்று ஆரம்பித்து, மோதிரத்தைப் பாதி போட்ட பிறகுதான் தெரிந்தது மணிகளெல்லாம் நாடாப் பக்கம் நிற்கின்றன, இடது கை வளையத்துக்குள் ஒன்றுகூட இல்லை என்று. முதலிலேயே எண்ணி உள்ளே தள்ளிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டுமா, அல்லது நடுவில் சேர்க்க வழி உண்டா? ஐப்பசியில் தோட்டை ஏற்காட்டுக்கு எடுத்துவந்து உங்கள் அடுப்படியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கலாமா?

மலைமேல் பாட்டி – ஏற்காடு

முதலிலேயே எண்ணி உள்ளே விட வேண்டும். நாடாப் பக்கம் நின்றுவிட்ட மணியை நடுவில் உள்ளே தள்ள வழி கிடையாது. நான் அறுபது வருஷமாக மறக்கிறேன், நீயும் மறப்பாய்.

ஐப்பசி மழையில் மலை ஏறாதே, மார்கழியில் வா. மூட்டத்துக்குப் பஞ்சமிருக்காது. தோட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். வரும்போது முதல் அக்ரஹாரத்தில் 40 நம்பர் வெள்ளை இரண்டு உருண்டை வாங்கி வா. இங்கே கடையில் எதைக் கேட்டாலும் ரோஸ் கலரைத்தான் நீட்டுகிறார்கள். உன் மாமனாரையும் கூட்டி வா, அந்த நாலு சிவப்பை நான் பார்க்க வேண்டும்.